இருபத்தெட்டு என்னும் எண்: மாதவிடாய்ச் சுழற்சியின் நீளத்தை அளப்பது குறித்து ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

மாதவிடாய் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்று மருத்துவர் கேட்டால், ‘மாசாமாசம் வந்துடும்’ என்பதே பெரும்பாலான பெண்களின் விடை. ‘ரெண்டு மூணு நாள் முன்னப் பின்ன ஆகும்’ என்று சிலர் சேர்த்துச் சொல்வார்கள். எண்ணாகச் சொல்லுங்கள் என்று வற்புறுத்தினால் 28 அல்லது 30 என்று வரும். இந்த எண் எழுதிவைத்த கணக்கிலிருந்து பிறப்பதில்லை. பாடநூலில் படித்தது, அக்கம்பக்கத்தில் கேட்டது, கடைசி ஓரிரு முறை நினைவில் நின்றது எல்லாம் கலந்து பிறப்பது.

இரத்தப்போக்கின் அளவு, வலி, சுகாதாரம் ஆகியவை தனித்தனியே எழுதப்பட வேண்டியவை. இக்கட்டுரை சுழற்சியின் நீளத்தை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. நிறுவ முயல்வது இது: 28 நாள் என்பது பல்லாயிரம் பெண்களின் கணக்கைக் கூட்டி வகுத்தால் கிடைக்கும் எண்ணுக்கு அருகில் இருப்பது, நான்கு வாரத்துக்கு அச்சாகப் பொருந்துவதால் எல்லோருக்கும் வசதியாகிப்போனது. எந்தத் தனிப் பெண்ணின் உடலுக்கும் அது விதி ஆகாது. ஒரு பெண்ணின் உடல்நிலையை அறிய அவளுடைய சராசரி நீளத்தைவிட, அவளுடைய மிகக் குறுகிய சுழற்சிக்கும் மிக நீண்ட சுழற்சிக்கும் உள்ள வித்தியாசம் அதிகம் உதவும். அந்த வித்தியாசம் நினைவில் தங்குவதில்லை, எழுதினால்தான் கிடைக்கும்.

2. எண்ணும் முறை

2.1 முதல் நாள்

சுழற்சியின் முதல் நாள், நாப்கின் வைக்க வேண்டிய அளவுக்கு இரத்தப்போக்கு தொடங்கும் நாள். அதற்கு ஓரிரு நாள் முன்பே பழுப்பு நிறத்தில் துளித்துளியாகப் படுவது கணக்கில் சேராது. அதைத் தனியே குறித்துக்கொள்ளலாம். அடுத்த முறை இதே அளவில் போக்கு தொடங்கும் நாளுக்கு முந்தைய நாளோடு அந்தச் சுழற்சி முடிகிறது. ஜூன் 3 அன்று தொடங்கி, அடுத்தது ஜூலை 2 அன்று தொடங்கினால் நீளம் 29 நாள். இரத்தப்போக்கு இருந்த நான்கைந்து நாள்களும் இந்த 29க்குள் அடக்கம்.

இவ்வளவு எளிய கணக்கில் இரண்டு பிழைகள் ஓயாமல் நேர்கின்றன. தொடங்கும் இரண்டு நாள்களையும் சேர்த்து எண்ணுவது ஒன்று. அதனால் ஒரு நாள் கூடுகிறது. மற்றது பெரிய பிழை. நம் வீடுகள் பலவற்றில் நினைவில் நிற்பது தொடங்கிய நாள் அன்று, தலைக்கு ஊற்றிக்கொண்ட நாள். மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ குளித்ததிலிருந்து அடுத்தது வரும்வரை எண்ணினால் 29 நாள் சுழற்சி 27ஆகவோ 25ஆகவோ சுருங்கிவிடுகிறது. ‘இருபத்தஞ்சு நாள்லயே வந்துடுது’ என்று கவலையோடு வருகிற பெண்ணிடம் எங்கிருந்து எண்ணினீர்கள் என்று கேட்டாலே பாதிக் கவலை தீர்ந்துவிடக்கூடும்.

2.2 காலண்டர் மாதம் ஏமாற்றும் விதம்

உடல் காலண்டர் பார்ப்பதில்லை. ஆங்கில மாதங்கள் 28 முதல் 31 நாள் வரை. தமிழ் மாதங்கள் 29 முதல் 32 நாள் வரை. தேதியை மட்டும் நினைவில் வைத்திருப்பவர்கள் தங்கள் சுழற்சி ஒழுங்காக இருந்தாலும் ஒழுங்கில்லை என்று முடிவுகட்ட இது போதும்.

துல்லியமாக 28 நாளுக்கு ஒருமுறை வரும் ஒரு பெண்ணை எண்ணிப்பாருங்கள். ஜனவரி 5 அன்று தொடங்குகிறது. அடுத்தது பிப்ரவரி 2. அது சாதாரண ஆண்டானால் அதற்கடுத்தது மார்ச் 2, பிறகு மார்ச் 30. மார்ச்சில் இரண்டு முறை வந்துவிட்டது என்று வீட்டில் பேச்சாகிவிடும். 32 நாள் சுழற்சி உள்ள இன்னொருத்திக்கு ஜனவரி 30க்குப் பிறகு மார்ச் 3 அன்றுதான் வரும். பிப்ரவரி முழுதும் வெறுமையாகப் போகும். இருவரும் கடிகாரம்போல் ஒழுங்கானவர்கள். ஒருத்தி இரத்தம் குறையும் என்று பயப்படுவாள்; மற்றவள் கர்ப்பமோ என்று பயப்படுவாள். ஒரு தொடக்கத் தேதியிலிருந்து மற்றொன்றைக் கழித்திருந்தால் இரண்டு பயத்துக்கும் இடமில்லை.

2.3 கணக்கில் சேராதவை

எல்லா இரத்தப்போக்கும் இயற்கைச் சுழற்சியின் அடையாளம் அன்று. அரசு தரும் மாலா-என் கருத்தடை மாத்திரை அட்டையில் 28 மாத்திரைகள்: 21 இயக்குநீர் மாத்திரைகள், 7 இரும்புச்சத்து மாத்திரைகள். இரும்பு மாத்திரை நாள்களில் வரும் போக்கு, இயக்குநீர் நின்றதால் வருவது. அட்டை 28க்கு வடிவமைக்கப்பட்டதால் அது 28 நாளுக்கு ஒருமுறை வருகிறது. அந்தப் பெண்ணின் உடல் கணக்கு அதில் தெரியாது. லக்னோவின் மத்திய மருந்து ஆய்வு நிறுவனம் உருவாக்கி, இப்போது சாயா என்ற பெயரில் அரசு வழங்கும் மாத்திரையில் இயக்குநீர் இல்லை என்றாலும், தொடக்க மாதங்களில் சிலருக்குச் சுழற்சியை நீட்டும். திருமணம், திருவிழா என்று தள்ளிப்போட மாத்திரை சாப்பிட்ட மாதமும் அப்படியே. இந்த மாதங்களைப் பதிவில் குறிக்க வேண்டும். நீளத்தைக் கணக்கிடும்போது ஒதுக்கிவிட வேண்டும்.

3. நீளம் ஏன் மாறுகிறது

ஒரு சுழற்சிக்கு இரண்டு பகுதிகள். மாதவிடாயின் முதல் நாளிலிருந்து கருமுட்டை வெளியாகும்வரை முற்பகுதி. வெளியான பின் அடுத்த மாதவிடாய் வரை பிற்பகுதி.

முற்பகுதியில் மூளையடிச் சுரப்பியின் எஃப்.எஸ்.எச். இயக்குநீர் சினைப்பையில் பல நுண்ணிய முட்டைப் பைகளை வளரத் தூண்டுகிறது. அவற்றுள் ஒன்று முந்துகிறது. அது சுரக்கும் ஈஸ்ட்ரோஜென் போதிய அளவு உயர்ந்து சிறிது காலம் நீடித்தால், மூளையடிச் சுரப்பி எல்.எச். இயக்குநீரைப் பெருக்காக வெளியிடுகிறது. அந்தப் பெருக்கு தொடங்கி ஏறத்தாழ ஒன்றரை நாளில் முட்டை வெளியாகிறது. இந்தப் படிகள் எதிலும் தாமதம் நேரலாம். கடும் காய்ச்சல், பட்டினி, திடீர் எடைக் குறைவு, மிகையான உடற்பயிற்சி, மன அழுத்தம், இரவுப் பணி ஆகியவை மூளையின் ஹைப்போதலாமசிலிருந்து வரும் கட்டளையைத் தளர்த்தும்போது முட்டை முதிர்வது தள்ளிப்போகிறது. தைராய்டு கோளாறும், புரோலாக்டின் மிகுதியும், தாய்ப்பால் கொடுப்பதும் இதே கண்ணியில்தான் கைவைக்கின்றன.

பிற்பகுதியின் இயல்பு வேறு. முட்டை வெளியேறிய பை கார்பஸ் லூட்டியமாக மாறிப் புரோஜெஸ்ட்ரோனைச் சுரக்கிறது. கரு தங்காவிட்டால் அது ஏறக்குறைய இரண்டு வாரத்தில் தானே ஓய்ந்துவிடும். புரோஜெஸ்ட்ரோன் சரிந்ததும் கருப்பையின் உட்சுவர் கழன்று வெளிவருகிறது. இந்தப் பகுதியும் சில நாள் கூடக்குறைய ஆவதுண்டு. ஆனால் முற்பகுதியோடு ஒப்பிட்டால் மாற்றம் மிகக் குறைவு. பிரிட்டன், ஸ்வீடன் ஆய்வாளர்கள் 1,24,648 பெண்களின் 6 லட்சத்துக்கு மேற்பட்ட சுழற்சிகளை ஆராய்ந்து 2019இல் வெளியிட்ட கட்டுரையில் சராசரி நீளம் 29.3 நாள், முற்பகுதி 16.9 நாள், பிற்பகுதி 12.4 நாள். சுழற்சி நீண்டவர்களுக்கு நீண்டது பெரும்பாலும் முற்பகுதியே.

ஆகவே ‘நாள் தள்ளிப் போச்சு’ என்று ஒரு பெண் சொல்லும்போது, கர்ப்பம் இல்லையென்றால், தள்ளிப்போனது பெரும்பாலும் முட்டை வெளியான நாள். அதற்குக் காரணமான காய்ச்சலோ தேர்வோ துக்கமோ இரண்டு மூன்று வாரத்துக்கு முன்னால் நடந்திருக்கும். நேற்றுச் சாப்பிட்ட எள்ளிலும் பப்பாளியிலும் காரணம் தேடுவதில் பயனில்லை.

4. எண்ணிப் பார்த்தவர்கள்

4.1 ஒகினோவின் பின்னோக்கிய கணக்கு

முட்டை எந்த நாளில் வெளியாகிறது என்பது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் தெளிவாகாமல் இருந்தது. முந்தைய மாதவிடாயிலிருந்து முன்னோக்கி எண்ணியவர்களுக்கு ஆளுக்கொரு நாள் கிடைத்தது. ஜப்பானின் நீகாதா நகரில் மருத்துவராக இருந்த கியூசாகு ஒகினோ கேள்வியைத் திருப்பிப் போட்டார். வயிற்று அறுவைக்கு வந்த பெண்களின் சினைப்பையை நேரில் பார்த்து, அவர்களுடைய மாதவிடாய்த் தேதிகளோடு பொருத்தி, அடுத்த மாதவிடாயிலிருந்து பின்னோக்கி எண்ணினார். அடுத்த மாதவிடாய்க்கு 12 முதல் 16 நாள் முன்னதாக முட்டை வெளியாகிறது என்று 1924இல் எழுதினார். ஆஸ்திரிய மருத்துவர் ஹெர்மன் க்னாவுஸ் தனியே ஆராய்ந்து சில ஆண்டுகளில் இதை ஒட்டிய முடிவுக்கு வந்தார்.

இந்தத் துறையில் நடந்தவற்றுள் எனக்கு மிகப் பெரிதாகப் படுவது ஒகினோவின் அந்தத் திருப்பம். நிலையான முனை பின்னால் இருக்கிறது, முன்னால் இருப்பது நகரும் முனை என்பதை அவர் கண்டார். ஆனால் அதன் சங்கடமும் அதற்குள்ளேயே இருக்கிறது: அடுத்த மாதவிடாய் வந்த பிறகுதான் பின்னோக்கி எண்ண முடியும். வருவதற்கு முன் எண்ணினால் அது ஊகம். குழந்தை வேண்டுவோருக்கு உதவும் என்று ஒகினோ நினைத்த இந்தக் கணக்கைப் பிறர் கருத்தடை முறையாக மாற்றினார்கள். தவறும் வாய்ப்பு அதிகம் என்பதால் அவர் அதை ஏற்கவில்லை.

4.2 ட்ரெலோரின் அட்டைகள்

சுழற்சி நீளத்தைப் பற்றிய நம் அறிவின் அடித்தளம் ஒரு புள்ளியியலாளரின் பொறுமையால் அமைந்தது. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆலன் ட்ரெலோர் 1930களின் நடுவில் மாணவியரிடம் அட்டைகளைக் கொடுத்து, மாதவிடாய் நாள்களைக் குறித்து அனுப்பச் சொன்னார். அவர்கள் படித்து முடித்தார்கள், மணந்தார்கள், பிள்ளை பெற்றார்கள், முதுமையை நெருங்கினார்கள். அட்டைகள் ஆண்டுதோறும் வந்துகொண்டிருந்தன. ஏறத்தாழ 2,700 பெண்களின் பதிவுகளைக் கொண்டு 1967இல் அவர் வெளியிட்ட கட்டுரை இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. நினைவைக் கேட்டு எழுதாமல், நடக்க நடக்க எழுதிய பதிவு என்பதே அதன் பலம்.

அந்த அட்டைகள் காட்டியவை மூன்று. பூப்பெய்திய பின் சில ஆண்டுகளும், மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய சில ஆண்டுகளும் நீளம் மிக அதிகமாக ஏறி இறங்கும். இருபதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட வயதில் ஏற்ற இறக்கம் மிகக் குறைவு. அப்போதும் வயது ஏற ஏற நீளம் மெல்லக் குறையும். மூன்றாவதுதான் முக்கியம்: ஒவ்வொரு பெண்ணுக்கும் தனக்கென ஒரு மையமும் தனக்கென ஒரு வீச்சும் உண்டு. முழு ஒழுங்கு என்று ஒன்று யாரிடமும் இல்லை.

4.3 நம் பகுதிப் பெண்கள்

இந்தப் பதிவுகள் பெரும்பாலும் அமெரிக்க, ஐரோப்பியப் பெண்களுடையவை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் உயிர்ப்புள்ளியியல் ஆய்வாளர்கள் தென்னிந்தியப் பெண்களைத் தொடர்ந்து கவனித்து 1990களின் தொடக்கத்தில் வெளியிட்ட ஆய்வில் சராசரி நீளம் 28 நாளைவிடக் கூடுதலாகவே இருந்தது. அமெரிக்காவில் கைபேசி வழி நடந்து 2023இல் வெளியான ஆய்வு ஒன்றிலும் ஆசிய வம்சாவளிப் பெண்களின் சுழற்சி, வெள்ளையினப் பெண்களுடையதைவிட ஏறத்தாழ ஒன்றரை நாள் நீண்டிருந்தது. நம்மில் 31, 32 நாள் என்று எண்ணிவருபவர்கள் தங்களைத் ‘தாமதமானவர்கள்’ என்று கருத வேண்டியதே இல்லை. தமிழ்ப் பெண்களுக்கென்று இப்படிப்பட்ட நீண்டகாலப் பதிவுகள் இன்னும் பெருக வேண்டும்.

5. 28ஐ நம்பியதால் நேர்பவை

5.1 பிரசவத் தேதி

தமிழ்நாட்டில் ஒரு பெண் கர்ப்பத்தைப் பதிவுசெய்து பிக்மி எண் வாங்கும்போது கிராம சுகாதாரச் செவிலியர் கேட்கும் முதல் விவரங்களில் ஒன்று எல்.எம்.பி., அதாவது கடைசி மாதவிடாயின் முதல் நாள். அதிலிருந்து பிரசவத் தேதியைக் கணக்கிடும் முறைக்கு ஜெர்மன் மருத்துவர் ஃபிரான்ஸ் நேகலேயின் பெயர் வழங்குகிறது: ஏழு நாள் கூட்டி, மூன்று மாதம் கழி. ஜூன் 10 என்றால் அடுத்த ஆண்டு மார்ச் 17. இது 280 நாள் கணக்கு. முட்டை 14ஆம் நாளில் வெளியானது என்ற எடுகோள் இதற்குள் ஒளிந்திருக்கிறது.

35 நாள் சுழற்சி உள்ளவருக்கு முட்டை 21ஆம் நாளை ஒட்டி வெளியாகியிருக்கும். கரு ஒரு வாரம் இளையது. மார்ச் 24 அன்று வர வேண்டிய குழந்தைக்கு மார்ச் 17 என்று நாள் குறித்துவிடுகிறோம். தேதி தாண்டிவிட்டது என்று வலி வரவழைக்க மருந்து ஏற்றுவதும், வளர்ச்சி போதவில்லை என்று ஸ்கேன் அறிக்கை கண்டு குடும்பமே கலங்குவதும் இந்த ஒரு வாரப் பிழையிலிருந்து தொடங்கலாம். இந்திய மருத்துவர் பரிக் 2007இல் ஒரு திருத்தத்தை முன்வைத்தார்: முதல் நாளோடு ஒன்பது மாதம் கூட்டி, 21 நாள் கழித்து, அந்தப் பெண்ணின் சுழற்சி நீளத்தைக் கூட்டுவது. ஜூன் 10க்கு ஒன்பது மாதம் கூட்டினால் மார்ச் 10; 21 கழித்து 35 கூட்டினால் மார்ச் 24. எளிய கணக்குதான். ஆனால் அந்த 35 கையில் இருக்க வேண்டுமே.

முதல் மூன்று மாதத்துக்குள் எடுக்கும் ஸ்கேனில் கருவின் நீளத்தை அளந்து தேதியைத் திருத்த முடியும். ஒன்பது வாரத்துக்குக் குறைவான கருவில் ஐந்து நாளுக்கு மேலும், ஒன்பதிலிருந்து பதினான்கு வாரத்துக்குள் ஏழு நாளுக்கு மேலும் வேறுபட்டால் ஸ்கேன் தேதியையே கொள்வது அமெரிக்க மகப்பேறு மருத்துவக் கல்லூரியின் வழிகாட்டுதல். ஐந்தாம் மாதத்தில்தான் முதல் ஸ்கேன் என்று வருபவர்களுக்கு இந்தத் துல்லியம் கிடைக்காது. அவர்களுக்குப் பழைய தேதிகளின் பதிவு பெரும் துணை.

5.2 ‘பாதுகாப்பான நாள்கள்’

திருமணமான புதிதில் தோழியர் காதோடு காதாகச் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு: முன்னால் பத்து நாள், பின்னால் பத்து நாள் பயமில்லை. இதன் ஆபத்தை எண்களே காட்டும். விந்தணு பெண்ணுடலில் ஐந்து நாள் வரை உயிரோடு இருக்கும். முட்டைக்கு ஆயுள் ஒரு நாளுக்குள். ஆகவே கருத்தரிக்கக்கூடிய நாள்கள் முட்டை வெளியாகும் நாளோடு முடியும் ஆறு நாள்கள். அந்த ஆறு நாள் எப்போது வருகிறது என்பதுதான் சிக்கல். ஆலன் வில்காக்சும் உடன் ஆய்வாளர்களும் 221 பெண்களை ஆராய்ந்து 2000இல் வெளியிட்ட கட்டுரைப்படி, வழிகாட்டி நூல்கள் சொல்லும் 10ஆம் நாளுக்கும் 17ஆம் நாளுக்கும் இடையில் அந்த ஆறு நாளும் முழுமையாக அமைந்தது ஏறத்தாழ 30 விழுக்காட்டுப் பெண்களுக்கு மட்டுமே.

பழைய காலண்டர் முறை குறைந்தபட்சம் பதிவையாவது கேட்டது. பல மாதப் பதிவிலிருந்து மிகக் குறுகிய நீளத்தில் 18ஐயும், மிக நீண்ட நீளத்தில் 11ஐயும் கழிப்பார்கள். ஒருவருடைய ஆறு சுழற்சிகள் 27, 31, 29, 34, 28, 30 என்று வைத்துக்கொள்வோம். 9ஆம் நாளிலிருந்து 23ஆம் நாள் வரை கருத்தரிக்க வாய்ப்புள்ள காலம் என்று வரும். சுழற்சியின் பாதி அதிலேயே போய்விடும். ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகம் உருவாக்கிய 32 மணி கொண்ட மாலை முறை இதை எளிமையாக்கி 8 முதல் 19ஆம் நாள் வரை தவிர்க்கச் சொல்கிறது. ஆனால் அது 26 முதல் 32 நாளுக்குள் சுழற்சி அமைபவர்களுக்கு மட்டும் உரியது. தவறாமல் பின்பற்றினாலும் ஓராண்டில் நூறு பெண்களில் ஐந்து பேர் அளவில் கருவுறுவார்கள். நடைமுறையில் பன்னிரண்டு பேர். கர்ப்பம் வேண்டாம் என்பதில் உறுதியாக இருப்பவர்கள் நாள் கணக்கை மட்டும் நம்பக் கூடாது என்பதே என் முடிவு.

6. சராசரியா, வீச்சா

மேலே சொன்ன ஆறு எண்களையே எடுத்துக்கொள்வோம். கூட்டினால் 179, சராசரி 30 நாளுக்குச் சற்றுக் குறைவு. இதைக் கேட்பவர் 30 நாளுக்கு ஒருமுறை வருகிறது என்று முடிவு செய்வார். ஆனால் அந்த ஆறில் ஒன்றே ஒன்றுதான் 30. குறுகியது 27, நீண்டது 34, வீச்சு 7 நாள். இன்னொருத்திக்கு 22, 41, 25, 38, 23, 30 என்று வந்தால் கூட்டுத்தொகை அதே 179, சராசரியும் அதேதான், வீச்சு 19. முதல் பெண் நலமாக இருக்கிறாள். இரண்டாமவளுக்கு மருத்துவரின் கவனிப்பு வேண்டும். சராசரி இருவரையும் ஒன்றாக்கிக் காட்டிவிட்டது.

உலக மகப்பேறியல் கூட்டமைப்பான ஃபிகோ 2018இல் வகுத்த அளவுகோல் இந்த உண்மையை ஏற்றுக்கொண்டது. 24 முதல் 38 நாள் வரை எந்த நீளமும் இயல்பே. அதோடு, குறுகியதற்கும் நீண்டதற்கும் இடையிலான வித்தியாசம் 26 முதல் 41 வயது வரை 7 நாளுக்குள்ளும், 18 முதல் 25 வயதிலும் 42 முதல் 45 வயதிலும் 9 நாளுக்குள்ளும் இருந்தால் ஒழுங்கானது. நீளத்துக்கு அகலமான இடம் கொடுத்துவிட்டு, வீச்சைக் கறாராகக் கேட்கிறது இந்த அளவுகோல்.

நினைவு இங்கே கைகொடுக்காது. தேதிகளைக் குறித்துவந்த பெண்களை ஆராய்ந்து 2004இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் 46 விழுக்காட்டினருக்கு வீச்சு 7 நாளோ அதற்கு மேலோ இருந்தது. ஐந்தில் ஒருவருக்கு 14 நாளையும் எட்டியது. தேதிகளை எழுதிவைத்ததால்தான் இது தெரிந்தது.

இளம்பெண்களின் நிலையை இங்கே விரித்துச் சொல்வது அவசியம். பூப்பெய்திய முதல் ஆண்டில் எப்படி வந்தாலும் பெரும்பாலும் கவலையில்லை. மூளைக்கும் சினைப்பைக்கும் இடையிலான தொடர்பு முதிரக் காலம் எடுக்கிறது. ஒன்று முதல் மூன்று ஆண்டு வரை 21 முதல் 45 நாள் இயல்பு. மூன்று ஆண்டுக்குப் பிறகு 21க்குக் குறைந்தாலோ, 35ஐத் தாண்டிக்கொண்டே இருந்தாலோ, ஆண்டுக்கு எட்டு முறைக்கும் குறைவாக வந்தாலோ, அது ஒழுங்கின்மை என்று 2023இன் பன்னாட்டு வழிகாட்டுதல் சொல்கிறது. முதல் ஆண்டு கழிந்த பின் ஒரே ஒரு சுழற்சி 90 நாளைத் தாண்டினாலும் பார்க்க வேண்டும். ‘வயசுப் பொண்ணு, போகப்போக சரியாயிடும், ஒரு கல்யாணம் ஆனா எல்லாம் ஒழுங்காகும்’ என்ற ஆறுதல் 13 வயதில் பெரும்பாலும் உண்மை. 17 வயதில் அது தீங்கு. பி.சி.ஓ.எஸ். எனப்படும் சினைப்பைக் கோளாறு உள்ள பெண்கள் ஆண்டுக்கணக்கில் அடையாளம் காணப்படாமல் போவது இந்த ஆறுதலால்தான். முட்டை வெளியாகாமல் மாதக்கணக்கில் நீளும்போது கருப்பையின் உட்சுவர் தடித்துக்கொண்டே போகிறது. நெடுங்காலம் அப்படியே விட்டால் புற்றுநோய் அபாயமும் கூடுகிறது. சர்க்கரை நோய்க்கான வாய்ப்பையும் சேர்த்தே கவனிக்க வேண்டும்.

நாற்பதைத் தாண்டியவர்களுக்கு அளவுகோல் வேறு. அடுத்தடுத்த சுழற்சிகள் ஏழு நாளோ அதற்கு மேலோ வேறுபடத் தொடங்கி, அது திரும்பத் திரும்ப நேர்ந்தால் மாதவிடாய் நிற்கும் பருவம் தொடங்கிவிட்டது. 60 நாளும் அதற்கு மேலும் இடைவெளி விழுந்தால் அதன் பிற்பகுதி. பன்னிரண்டு மாதம் வராமலிருந்தால் நின்றுவிட்டது எனலாம். அதன்பிறகு ஒரு துளி பட்டாலும் மருத்துவரிடம் போக வேண்டும்.

7. செயலிகள்

இன்று பதிவு கைபேசிக்கு மாறிவிட்டது. நன்மை பெரிது. ஃப்ளோ செயலியின் 15 லட்சம் பயனர்களை ஆராய்ந்த 2020 கட்டுரையில் 28 நாளை நடுமதிப்பாகக் கொண்டவர்கள் 16 விழுக்காடு மட்டுமே. கோவிட் தடுப்பூசிக்குப் பிறகு நாள் தள்ளிப்போனதாகப் பெண்கள் சொன்னபோது முதலில் யாரும் காதில் வாங்கவில்லை. மருந்துச் சோதனைகளில் அந்தக் கேள்வியே கேட்கப்பட்டிருக்கவில்லை. பின்னர் செயலிப் பதிவுகளைக் கொண்டு 2022இல் வெளியான ஆய்வு, சுழற்சி உண்மையிலேயே சராசரியாக ஒரு நாளுக்குள் நீண்டதை உறுதிசெய்தது. பதிவு இருந்ததால் பெண்களின் சொல் எடுபட்டது. மாற்றம் சிறியது என்று தெரிந்து அச்சமும் தணிந்தது.

ஆனால் செயலி காட்டும் ‘அடுத்த தேதி’, ‘கருமுட்டை நாள்’ ஆகியவை தேதிகளை மட்டும் வைத்துச் செய்த ஊகங்கள். ஒகினோவின் சங்கடம் கணினிக்கும் உண்டு. முட்டை வெளியான பின் காலை உடல்வெப்பம் 0.2 முதல் 0.5 டிகிரி செல்சியஸ் உயர்வதைக் குறித்தால் கொஞ்சம் துல்லியம் கூடும்; அதுவும் நடந்து முடிந்த பிறகு தெரியவரும் செய்தி. ஒருமுறை குறிக்க மறந்தால் இரண்டு 29 நாள் சுழற்சிகளைச் செயலி ஒரே 58 நாளாக எண்ணிச் சராசரியைக் கெடுத்துவிடும்.

தனியுரிமை இதைவிடப் பெரிய கவலை. பயனர்களின் உடல்நலத் தகவலை ஃபேஸ்புக் உள்ளிட்ட நிறுவனங்களோடு பகிர்ந்ததாக ஃப்ளோ மீது அமெரிக்க மத்திய வணிக ஆணையம் சுமத்திய குற்றச்சாட்டு 2021இல் உடன்பாட்டில் முடிந்தது. ஒரு பெண் கருவுற்றிருக்கிறாளா என்பதைக் கணவனுக்கு முன்பே விளம்பர நிறுவனம் அறிவது எவ்வகையிலும் ஏற்கத்தக்கது அன்று. இணையம் இல்லாமல் இயங்கும் செயலியோ, சுவரில் தொங்கும் மாதக் காலண்டரோ இந்தப் பணியைக் குறைவில்லாமல் செய்யும்.

8. செய்ய வேண்டியது

பால் கணக்கையும் சிலிண்டர் மாற்றிய தேதியையும் குறிக்கும் அதே காலண்டரில் முதல் நாளைச் சுற்றி ஒரு வட்டம் போடுவதற்கு வெட்கம் தடையாக இருக்க வேண்டியதில்லை. மற்றவர் கண்ணில் பட வேண்டாம் என்றால் ஒரு சிறு நோட்டு போதும். ஒவ்வொரு முறையும் முதல் நாளின் தேதி, முந்தைய தேதியிலிருந்து நாள் வித்தியாசம், அந்த மாதம் காய்ச்சலோ மாத்திரையோ இருந்ததா என்ற ஒரு வரி. இவ்வளவே.

தமிழ்நாடு அரசு புதுயுகம் திட்டத்தில் வளரிளம் பெண்களுக்கு நாப்கின் வழங்கிவருகிறது. அதனோடு ஓராண்டுக் குறிப்பட்டை ஒன்றையும், முதல் நாளை எப்படி எண்ணுவது, எப்போது மருத்துவரைப் பார்ப்பது என்ற நாலு வரியையும் அச்சிட்டுத் தரலாம். செலவு மிகச் சிறிது. பிக்மி பதிவின்போது எல்.எம்.பி.யோடு சுழற்சியின் நீளத்தையும் கேட்டு எழுதி, பிரசவத் தேதியை அதற்கேற்பத் திருத்துவதையும் வழக்கமாக்கலாம். தாய்மார்களே, பூப்பெய்திய மகளுக்குச் சடங்கில் கொடுக்கும் சீர்வரிசையோடு ஒரு நோட்டையும் பேனாவையும் கொடுங்கள்; முதல் தேதியை அவளே எழுதட்டும். அடுத்த முறை மருத்துவர் கேட்கும்போது ‘மாசாமாசம் வருது’ என்று சொல்லாமல், கடைசி ஆறு எண்களை அவர் முன் வையுங்கள்.